இழுவை வக்கீலும் சலவைக்கடை வழக்கும்

ஒரு நாள் மத்தியானம் வக்கீல் சார் கோர்ட்டிலிருந்து வெறும் காலுறையோடு ஆஃபீஸ் படியேறி வந்தார். இடது காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஷூ எங்க சார்?" என்றேன்.

"மழையில நனைஞ்சுடுச்சு அக்கா. காய வச்சிருக்கேன்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் டீயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். கோர்ட் வாசலில் நிற்கும் காவலர் பிற்பாடு ஒரு நாள் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போதைப் பொட்டலம் விற்ற வழக்கில் தண்டனை கேட்க வந்த ஒருத்தனை லாக்கப்பிலிருந்து வெறுங்காலோடு கூட்டி வந்திருக்கிறார்கள். அப்படியே போய் நீதிபதி முன்னால் நிற்க அவனுக்குக் கூச்சம். ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்து நின்றிருக்கிறான். சார் வராந்தா மூலைக்கு அவனைக் கூட்டிப் போய்த் தன் ஷூவைக் கழற்றி மாட்டிவிட்டிருக்கிறார். அப்புறம் மேஜைக்குப் பின்னால் காலுறையோடு நின்று வாதாடியிருக்கிறார். அவன் அந்த ஷூவோடேயே ஜெயிலுக்குப் போய்விட்டான்.

"கேஸையும் விட்டாரு, ஷூவையும் விட்டாரு" என்று காவலர் சிரித்தார்.

நான் இதைப் பற்றி சாரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மழை எப்படி உண்டாகிறது என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

பேச்சு என்றால் அப்படிப் பேச்சு. கோர்ட் முழுக்க அவருக்கு 'இழுவை வக்கீல்' என்றுதான் பெயர். அவர் எழுந்து நின்றால் குமாஸ்தாக்கள் பேனாவை மூடி வைத்துவிடுவார்களாம். எதிர்த்தரப்பில் பேசும் அரசு வக்கீல் சின்ன வயசுக்காரர், தலை சீவினது கலையாமல் வருகிறவர். அவர் காலையிலேயே வந்து கேட்பார்: "சார், இன்னைக்கு எங்களைச் சாப்பிட விடுவீங்களா, இல்ல நான் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வரட்டுமா?"

"பொட்டலம் கட்டினா நீங்களே உங்க மேல கேஸ் போட வேண்டியிருக்கும் தம்பி" என்பார் சார்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் வீட்டம்மா என்னிடம் ஒரு நாள் சொன்னார்கள்: "உப்பை எடுங்கன்னா, உப்பு எங்கேருந்து வருதுன்னு ஆரம்பிப்பாரு. நான் உப்பில்லாமலே சாப்பிட்டு எந்திரிச்சிடுவேன். டாக்டர் என் ரத்தக் கொதிப்பு நல்லா எறங்கியிருக்குன்னு சொல்றாரு."

சாரின் ஆஃபீஸ் சாவி ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. நான் அங்கே கூட்டிப் பெருக்கி, டீ போட்டு, வருகிறவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வழக்குக்காரர்கள்தான். தூள் விற்றவர்கள், மாத்திரை கைமாற்றியவர்கள், அவர்களுடைய அம்மாக்கள். பெரிய வக்கீல்கள் இந்த ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். இவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். அங்கே இருந்த நாற்காலிகளில் ஒன்றுதான் ஆடாத நாற்காலி. அது வருகிறவர்களின் அம்மாவுக்கு.

எனக்கு ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை. காலையில் பிரார்த்தனை செய்துவிட்டு வந்து, ஊர்ப் பிள்ளைகளைக் கெடுத்தவனுக்கு டீ ஆற்றிக் கொடுக்கிறோமே என்று உறுத்தல். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"சார், தப்பு செஞ்சவங்கன்னு தெரிஞ்சே பேசறீங்களே. அது பாவமில்லையா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க தெனமும் சாமிகிட்ட எனக்காக வேண்டிக்கறீங்கதானே?"

"ஆமா சார்."

"நான் யோக்கியன்னு நெனச்சா வேண்டிக்கறீங்க?"

நான் மேஜையிலிருந்த டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினேன்.

"அதே வேலைதான் நானும் பாக்கறேன். உங்க கோர்ட்டு மேல இருக்கு, என் கோர்ட்டு கீழ இருக்கு. உங்க ஜட்ஜ் கொஞ்சம் பொறுமைசாலி, அவ்வளவுதான்."

வயதில் அவர்தான் எனக்கு மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் தன் வயது குறையும் என்று நினைத்தாரோ என்னமோ.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்காக அவர் தயார் செய்யும் விதம் தனி. அப்படிப்பட்ட வழக்கில், செய்தானா இல்லையா என்ற பேச்சே இல்லை. எத்தனை வருஷம் என்பதுதான் பேச்சு. தண்டனை சொல்வதற்கு முன்னால் வக்கீல் எழுந்து, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். சார் அதைப் பக்கம் பக்கமாக எழுதுவார். எழுதியதை முந்தின நாள் சாயந்திரம் பேசிப் பார்ப்பார். அப்போது தன்னுடைய நாற்காலியில் என்னை உட்கார வைப்பார். நான்தான் நீதிபதி.

எனக்கு அந்த வேலை சரிப்பட்டு வரவில்லை. அவர் "இவனுக்கு ஒரு தாய்..." என்று ஆரம்பித்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவர் பேச்சை நிறுத்தி, "அழாதீங்க அக்கா, இன்னும் இருக்கு" என்பார். மறுபடி பேசுவார். மறுபடி நான் அழுவேன். "நீங்க ஜட்ஜா உக்காந்தா ஜெயில்ல கொசு மட்டும்தான் இருக்கும்" என்பார். ஆனாலும் அடுத்த வழக்குக்கும் என்னைத்தான் உட்கார வைப்பார். இடையில் எழுந்து போகாமல் முழுசாகக் கேட்கிற ஆள் வேறு யார் கிடைப்பார்கள்?

இப்படி இருக்கும்போது சலவைக்கடை அம்மா வழக்கு வந்தது.

நாற்பது வயது தாண்டிய அம்மா. சலவைக்கடை வைத்திருந்தார். வெளுத்து, இஸ்திரி போட்டு, வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பார். யாரோ ஒருவன் கொடுத்த தூள் பொட்டலங்களை மடித்த சட்டைக்குள் வைத்து, அவன் சொன்ன வீடுகளில் சேர்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை தெரியாதாம். இரண்டாவது தடவையிலிருந்து தெரியும். கடை வாடகை ஏறியிருந்த நேரம். தெரிந்தே செய்தார். அந்தத் தூளைச் சாப்பிட்ட ஒரு கல்லூரி மாணவன் மூச்சு நின்று ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வழியாகப் பிழைத்தான். போலீஸ் கடைக்கு வந்தபோது, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே "நான்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு உறவு, ஒரு தம்பி. முப்பது வயது தாண்டியவன், மனசு மட்டும் ஆறேழு வயசோடு நின்றுவிட்டது. மடிப்பு என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். கையில் எது கிடைத்தாலும் மடிப்பான். ஜாமீனில் வந்த அக்காவோடு முதல் நாள் ஆஃபீஸுக்கு வந்தவன், பழைய செய்தித்தாள்களை எல்லாம் சட்டை மாதிரி கை மடக்கி, காலர் வைத்து அடுக்கிவிட்டான். ஆணியில் தொங்கின சாரின் கறுப்பு கவுனையும் விடவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு மடித்து வைத்தான். மறுநாள் சார் அதைப் போட்டுக்கொண்டு போனபோது, முதுகெல்லாம் கட்டம் கட்டமாக இருந்ததாம்.

"என்ன சார், முதுகுல தாயம் ஆடலாம் போல இருக்கே" என்று அரசு வக்கீல் கேட்டிருக்கிறார்.

மடிப்புக்கு இன்னொரு வித்தை உண்டு. தெருவில் போகிற ஆளை அவனுக்குத் தெரியாது. சட்டையைத் தெரியும். "அது பல் டாக்டர் சட்டை. ரெண்டாவது பித்தான் லூசு" என்பான். அக்கா பக்கத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே இருப்பான். அக்கா கண்ணில் படவில்லை என்றால் சோறு இறங்காது.

கடையில் இஸ்திரி போடுகிற பெரியவர் ஒருத்தர் இருந்தார். அவருக்கு அவன் பழகினவன். ஒரு நாள் பெரியவர் ஆஃபீஸுக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னார்.

"மூணு வருஷம்னா பயலை நான் பாத்துக்கறேன் சார். கடையையும் ஓட்டிடுவேன். அதுக்கு மேல என் முழங்கால் தாங்காது. மகன் வீட்டோட போயிடணும்."

அதற்கு மேல் என்றால் மடிப்பை அரசாங்க விடுதிக்குத்தான் அனுப்ப வேண்டும். அது எங்கேயோ தள்ளி இருந்தது. அவனை யாரும் அங்கேயிருந்து ஜெயிலுக்குக் கூட்டி வந்து அக்காவைக் காட்டப் போவதில்லை. அரசு வக்கீலோ எட்டு வருஷம் கேட்கப்போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குத் தன்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. "எனக்கு எத்தனை போட்டாலும் சரி சார். அவன் என்னைப் பாக்கணும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

சார் இந்த வழக்குக்கு எழுதினது போல எதற்கும் எழுதியதில்லை. முந்தின நாள் சாயந்திரம் அந்த அம்மாவையும் தம்பியையும் உட்கார வைத்துக்கொண்டே பேசிப் பார்த்தார். வெள்ளை உள்ளம் என்றார். சூது அறியாத நெஞ்சம் என்றார். பிறர் அழுக்கை வெளுத்தே தேய்ந்த கைகள் என்றார். நான் முதல் பக்கத்திலேயே முந்தானையை எடுத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் "அழாதீங்க அக்கா, இன்னும் இருக்கு" வந்தது. மூன்றாவதிலும் வந்தது.

பேசி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சார் பெருமையாக அந்த அம்மாவைப் பார்த்தார். "எப்பிடிம்மா?"

"யாரு சார் அவங்க?" என்றார் அந்த அம்மா.

"யாரு?"

"நீங்க சொன்னீங்களே, அவங்க. ரொம்ப நல்லவங்களா இருக்காங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா சிரித்ததைப் பார்த்து மடிப்பும் சிரித்தான். எனக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கோர்ட்டுல இப்பிடித்தாம்மா பேசணும்" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைப் பைக்குள் திணித்தார். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

மறுநாள் மடிப்புக்குத் துணையாக என்னையும் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான், மடிப்பு, இஸ்திரிப் பெரியவர் மூவரும் பின் வரிசை பெஞ்சில். முன் வரிசையில் அந்த மாணவனின் அம்மா, முதுகை நிமிர்த்திக்கொண்டு தனியாக. சலவைக்கடை அம்மா கூண்டில். மேலே நீதிபதி, ஒரு பெண்மணி. அவர் சிரித்தே பார்த்ததில்லை என்று காவலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அரசு வக்கீல் வெடுக் வெடுக்கென்று பேசி, எட்டு வருஷம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சார் எழுந்தார். குமாஸ்தா நிஜமாகவே பேனாவை மூடினார். "கனம் நீதிபதி அவர்களே" என்று சார் ஆரம்பித்தார். வெள்ளை உள்ளம் வந்தது. சூது அறியாத நெஞ்சம் வந்தது. அரசு வக்கீல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் என் தோள் பக்கம் சாய்ந்து குறட்டைக்குத் தயாரானார். தேய்ந்த கைகள் வந்தன. என் கை முந்தானைக்குப் போனது.

சரியாக அந்த இடத்தில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் கசக்கினார். களைப்போ, தூக்கமோ.

சார் பேச்சை நிறுத்தி, நீதிபதியைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்:

"அழாதீங்க அக்கா, இன்னும் இருக்கு."

அரசு வக்கீல் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். பெரியவர்கூட விழித்துக்கொண்டார். சார் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று நான் எழுத மாட்டேன். அவர் சம்பளத்தில் சாப்பிட்டவள் நான்.

மடிப்பு எழுந்து நின்றான். "அந்தம்மா இல்ல. என் அக்கா அங்க நிக்குது" என்று கூண்டைக் காட்டினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மடிப்பைப் பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்தார்.

"வக்கீல் சார், நான் அழல. நீங்க இன்னும் இருக்குன்னு சொன்னா எனக்கு அழுகை வந்தாலும் வரும். யாருகிட்ட பேசறதா நெனச்சீங்க?"

சார் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டார். "மன்னிக்கணும். என் ஆஃபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க. தண்டனைப் பேச்சை அவங்களை ஜட்ஜா உக்கார வச்சுப் பேசிப் பாக்கறது என் பழக்கம்."

"அப்பிடியா? இந்தக் கேஸ்ல அவங்க என்ன தீர்ப்பு சொன்னாங்க?"

"அழுதாங்க. அவங்க எல்லாருக்கும் அழுவாங்க. அதை நான் கணக்குல எடுத்துக்கறதில்ல." சார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "ஆனா என் கட்சிக்காரரும் கேட்டாங்க. அவங்க சிரிச்சாங்க."

"எதுக்கு?"

"இதுல இருக்கறவங்க யாருன்னு கேட்டாங்க."

கோர்ட்டில் யாரோ களுக்கென்றார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டது. சார் காகிதங்களை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"நான் எழுதினதை விட்டுடறேன். இவங்களுக்கு ரெண்டாவது தடவையிலேருந்து தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சாங்க. ஒரு வீட்டுப் பிள்ளை சாகக் கெடந்தான். அவங்க அம்மா இங்க உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி நான் வேற எதுவும் சொல்லக் கூடாது. போலீஸ் கேக்கறதுக்கு முன்னாடியே இவங்க உண்மையைச் சொன்னாங்க, பொட்டலம் குடுத்தவனையும் காட்டிக் குடுத்தாங்க. இப்ப எந்திரிச்சு நின்னாரே, அவர்தான் இவங்க தம்பி. மூணு வருஷம் வரைக்கும் அவரைப் பாத்துக்க ஆள் இருக்கு. அதுக்கு மேல இல்ல. தண்டனையே வேணாம்னு கேக்க வரல. அளவு கேக்க வந்திருக்கேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா பதறிப்போய்ப் பேனாவைத் திறந்தார்.

நீதிபதி கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். எனக்கு வாய் தானாகப் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் நீதிபதி கூண்டைப் பார்த்துப் பேசினார்.

"நீங்க செஞ்சது சின்னத் தப்பு இல்ல. அந்தப் பையன் பொழச்சது அவன் அதிர்ஷ்டம், உங்க நல்ல குணம் இல்ல. ஜெயிலுக்குப் போய்த்தான் ஆகணும். மூணு வருஷம். தம்பிக்கு வேண்டியதை ஏற்பாடு பண்ணிட்டு வர ஒரு வாரம் அவகாசம்."

சலவைக்கடை அம்மா இரண்டு கையையும் கூப்பினார். என் பக்கத்தில் பெரியவர் தன் முழங்காலைத் தொட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டு, "தாங்கும்" என்றார்.

வராந்தாவில் அரசு வக்கீல் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், சுருக்கமாப் பேசினா வேலை நடக்கும்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

அது ஏன் அப்படி இல்லை என்று சார் அவருக்கு விளக்க ஆரம்பித்தார். அரசு வக்கீல் சாப்பிடப் போக முடியவில்லை.

நடுவில் அந்த மாணவனின் அம்மா அந்தப் பக்கம் வந்தார். சார் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு அடி முன்னால் போனார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அன்று சாயந்திரம் சார் பேசாமல் டீ குடித்தார். அந்தத் தாய்க்காகவும், அந்தப் பிள்ளைக்காகவும் அன்று முதல் என் பிரார்த்தனையில் ஓர் இடம் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சார் மடிப்பைக் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். பெரியவரின் முழங்கால் கடையையும் பயலையும் பார்த்துக்கொள்ளத்தான் ஒத்துக்கொண்டதே தவிர, பஸ் ஏறி இறங்க ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் சாரைப் போகச் சொல்லவில்லை. வழக்கு முடிந்த வக்கீலுக்கு அங்கே என்ன வேலை? "ஞாயித்துக்கெழமை வீட்ல பேச விட மாட்டேங்கறாங்க, அதான்" என்பார். ஆனால் பஸ்ஸில் பேசினது முழுக்க மடிப்புதானாம். ஏறுகிறவர் இறங்குகிறவர் சட்டையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவானாம். போக வர மூன்று மணி நேரம். இழுவை வக்கீல் ஒரு வார்த்தை நுழைக்க முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அவர் வீட்டம்மாவிடம் சொன்னேன். "கடவுள் இருக்காரு" என்றார்கள்.

போகப் போக அவருக்கு நெஞ்சு வலி வந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். சலவைக்கடை அம்மா வெளியே வந்து, கடையைத் திறந்து, முதல் வேலையாக அவருடைய கறுப்பு கவுனை வெளுத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது, அதை வாங்கி வைத்துக்கொண்டது அவர் வீட்டம்மாதான். சார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள். அது சனிக்கிழமை. தலையணையில் சாய்ந்துகொண்டு, நர்ஸிடம் ஊசி எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் தப்பித்துப் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அக்கா, நாளைக்கு ஞாயித்துக்கெழமை. அவனை நீங்க கூட்டிட்டுப் போகணும்."

"போறேன் சார்."

"பஸ்ல ஜன்னல் சீட்டு அவனுக்குக் குடுங்க. அவன் சட்டை சொல்லிட்டே வருவான். நடுவுல குறுக்கப் பேசாதீங்க, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பான்."

"சரி சார்."

"அவங்க அக்கா அவனைப் பாத்து என்ன சொன்னாங்க, இவன் என்ன சொன்னான், எல்லாத்தையும் கேட்டுட்டு நேரா இங்க வாங்க."

"வந்து சொல்றேன் சார்."

நான் வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, சுருக்கமாச் சொல்லக் கூடாது."